சென்னை மாநகரின் மக்கள்தொகை வரலாறு: கணக்கெடுப்புகள் காட்டும் மாற்றங்கள்

சென்னை மாநகரின் மக்கள்தொகை, 1871 முதல் 2011 வரை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடந்த பதினைந்து கணக்கெடுப்புகளில் பதிவாகியுள்ளது. 1871இல் நகரில் 3,97,552 பேர் இருந்தனர். 2011இல் 46,46,732 பேர் இருந்தனர். 140 ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறத்தாழ 12 மடங்காகியது என்று இதிலிருந்து சொல்லிவிடலாம். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பவை அல்ல. 1901இல் கூட நகரத்தின் பரப்பு 27 சதுர மைல்தான், அதாவது சுமார் 70 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்போது அது ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டின் இறுதியில் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று.

எனவே சென்னையின் வளர்ச்சியை அறிய விரும்புபவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். எத்தனை பேர் கூடினர்? எந்த எல்லைக்குள் கூடினர்? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை பல இடங்களில் தவறாகிவிடும்.

எண்கள் ஒரு பார்வையில்

1871 – 3.98 இலட்சம்
1881 – 4.06 இலட்சம்
1891 – 4.53 இலட்சம்
1901 – 5.09 இலட்சம்
1911 – 5.19 இலட்சம்
1921 – 5.27 இலட்சம்
1931 – 6.47 இலட்சம்
1941 – 7.77 இலட்சம்
1951 – 14.16 இலட்சம்
1961 – 17.29 இலட்சம்
1971 – 24.69 இலட்சம்
1981 – 32.85 இலட்சம்
1991 – 38.43 இலட்சம்
2001 – 43.44 இலட்சம்
2011 – 46.47 இலட்சம்

பஞ்சமும் தொற்றுநோயும்

சென்னை மாகாணத்தின் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் மருத்துவர். சில ஆண்டுகளில், 1876–78இல், தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கியது. நிவாரணப் பணியில் ஈடுபட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் அளவைக் குறைத்தபோது, அது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தவரும் இதே கார்னிஷ்தான். அப்போது அவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தார்.

பஞ்சத்தின் தடம் 1881 கணக்கெடுப்பில் தெளிவாகத் தெரிகிறது. மாகாணத்தின் மக்கள்தொகை 3 கோடியே 12 இலட்சத்திலிருந்து 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்தது. சென்னை நகரில் மட்டும் சுமார் 8,300 பேர் கூடியிருந்தனர். இது 2 விழுக்காடு வளர்ச்சி. இதை வைத்து நகரம் பஞ்சத்தால் பாதிக்கப்படவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு இரு முனைகளை மட்டுமே பார்க்கும். இடையில் உணவு தேடி நகருக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் இறந்தவர்கள், மழை பெய்ததும் ஊர் திரும்பியவர்கள் ஆகிய எவரும் 1871 கணக்கிலும் இல்லை, 1881 கணக்கிலும் இல்லை.

1911–1921 பத்தாண்டிலும் இதே நிலை. இடையில் 1918இன் இன்புளுவன்சா காய்ச்சல் நாடு முழுவதும் பேருயிர்ச் சேதத்தை உண்டாக்கியது. அந்தப் பத்தாண்டில் சென்னை நகரில் கூடியவர்கள் 8,300க்கும் குறைவு. இந்தியா முழுமைக்கும் மக்கள்தொகை குறைந்து பதிவான ஒரே பத்தாண்டு அதுதான்.

நகரம் விரிந்த காலம்

1921க்குப் பின் வேகம் மாறியது. 1921–31இல் வளர்ச்சி ஏறத்தாழ 23 விழுக்காடு, 1931–41இல் 20 விழுக்காடு. துறைமுகம், பெரம்பூர் இரயில்வே தொழிற்சாலை, பின்னி ஆலைகள், அரசு அலுவலகங்கள், கல்லூரிகள் ஆகியவை மக்களை ஈர்த்தன. மாம்பலத்தை ஒட்டியிருந்த நீண்ட ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. வேலை ஓரிடத்திலும் வீடு பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியும் இருப்பது இதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இயலக்கூடியதாயிற்று. எல்லைக்கு வெளியே நகரம் வளர்வதற்கான விதை அப்போதே ஊன்றப்பட்டது.

பட்டியலில் கண்ணை உறுத்தும் பாய்ச்சல் 1941–51இல் உள்ளது. 7.77 இலட்சம் 14.16 இலட்சம் ஆயிற்று. வளர்ச்சி 82 விழுக்காடு! போர்க்கால வேலைவாய்ப்பும் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வருகையும் கிராமங்களின் வறுமையும் இதற்குக் காரணங்கள். ஆனால் 1946இல் நகர எல்லையும் விரிவாக்கப்பட்டு, சைதாப்பேட்டை உள்ளிட்ட புறப்பகுதிகள் சேர்க்கப்பட்டு, பரப்பு ஏறத்தாழ 129 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. கூடியவர்களில் ஒரு பகுதியினர் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நகர எல்லைதான் அவர்களிடம் வந்தது.

எல்லை மாற்றம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை 1971–81 கணக்கைக் கொண்டு மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1978இல் வேளச்சேரி, திருவான்மியூர் முதலிய பகுதிகள் மாநகராட்சியில் சேர்ந்தன. பழைய எல்லைப்படி 1971இன் மக்கள்தொகை 24.69 இலட்சம். அதை 1981இன் 32.85 இலட்சத்துடன் ஒப்பிட்டால் வளர்ச்சி 33 விழுக்காடு. புதிய எல்லைக்குள் அடங்கும் பகுதிகளில் 1971இல் இருந்தவர்கள் 26.42 இலட்சம். அந்த எண்ணுடன் ஒப்பிட்டால் வளர்ச்சி 24 விழுக்காடுதான். வரைபடத்தில் நகர்ந்த ஒரு கோடு 9 விழுக்காட்டுப் புள்ளிகளைக் கூட்டிக் காட்டியது.

மொழியும் பாலின விகிதமும்

கணக்கெடுப்பு தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. தாய்மொழி, வயது, எழுத்தறிவு, தொழில், பிறந்த இடம் ஆகியவற்றையும் பதிகிறது. மொழி பற்றிய எண்கள் ஒரு காலத்தில் நகரத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் சான்றாக இருந்தன. ஆந்திர மாநிலக் கோரிக்கை வலுத்தபோது, ‘மதராஸ் மனதே’ என்ற முழக்கத்துடன் சென்னை நகருக்கும் உரிமை கோரப்பட்டது. நகரில் தெலுங்கு பேசுவோர் கணிசமாக இருந்தாலும் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதைக் கணக்கெடுப்புகள் காட்டின. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சென்னை தமிழ்ப் பகுதியிலேயே நின்றது. இன்றும் நகரில் தமிழுக்கு அடுத்தபடியாகத் தெலுங்கே பெருமளவில் பேசப்படுகிறது. உருதுவும் இந்தியும் மலையாளமும் அதன் பின்னே வருகின்றன.

பாலின விகிதம் இன்னொரு மாற்றத்தைச் சொல்கிறது. 1961, 1971 கணக்கெடுப்புகளில் சென்னையில் 1,000 ஆண்களுக்கு ஏறத்தாழ 900 பெண்களே இருந்தனர். பிழைப்புக்காக ஆண்கள் தனியே வந்து, அறை எடுத்துத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிய நகரம் அது. 2001இல் இவ்விகிதம் 957 ஆகவும் 2011இல் 989 ஆகவும் உயர்ந்தது. குடும்பமாகக் குடியேறுதல், படிப்புக்கும் வேலைக்கும் பெண்கள் தாமே வருதல், பெண்களின் ஆயுட்காலம் கூடுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

நடுவில் தேக்கம், விளிம்பில் பெருக்கம்

1981க்குப் பிறகு மாநகரின் வளர்ச்சி வீதம் தொடர்ந்து குறைந்தது. 1981–91இல் 17 விழுக்காடு, 1991–2001இல் 13 விழுக்காடு, 2001–2011இல் 7 விழுக்காடு மட்டுமே. அதே கடைசிப் பத்தாண்டில் தமிழ்நாடு முழுமைக்குமான வளர்ச்சி 15.6 விழுக்காடு. மாநிலத்தின் தலைநகரம் மாநிலத்தின் சராசரி வேகத்தில் பாதியைக் கூட எட்டவில்லை.

சென்னை தேங்கிவிட்டதா? பக்கத்து மாவட்டங்களின் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2001–2011இல் காஞ்சிபுரம் மாவட்டம் 28.77 இலட்சத்திலிருந்து 39.98 இலட்சமாக வளர்ந்தது. இது 39 விழுக்காடு. திருவள்ளூர் மாவட்டம் 27.55 இலட்சத்திலிருந்து 37.28 இலட்சமாக, 35 விழுக்காடு வளர்ந்தது. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு சென்னையை ஒட்டிய பகுதிகளுடையது. பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் வேலைகளை வெளியே கொண்டு சென்றன. நகருக்குள் மனை விலையும் வாடகையும் ஏறியதால் மக்களும் வெளியே சென்றனர். சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் என்ற நெருக்கத்தில் இருந்த பழைய நகருக்குள் புதிதாக நுழைய இடமும் குறைவு.

எல்லோரும் விரும்பிச் சென்றவர்கள் அல்லர். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த குடிசைவாசிகள் 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி முதலிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். அவை அன்று மாநகர எல்லைக்கு வெளியே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. சென்னையில் பிறந்து வளர்ந்து, வேலைக்கு இன்னும் சென்னைக்கே வந்து கொண்டிருந்த குடும்பங்கள் 2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரத்தின் வளர்ச்சியாகப் பதிவாயின. நகரின் குறைந்த வளர்ச்சி வீதத்துக்குள் இந்த இடப்பெயர்வும் அடங்கியிருக்கிறது.

வயதுக் கணக்கும் கவனிக்கத்தக்கது. 2011இல் மாநகரில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் சுமார் 4.6 இலட்சம். இது மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு. இந்திய அளவில் இப்பங்கு 13.6 விழுக்காடு. பிறப்பு குறைவதும் இளங்குடும்பங்கள் புறநகர் செல்வதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஆகவே பழைய பேட்டைகளில் உள்ள பள்ளிகளில் வகுப்பறைகள் இருக்கும், மாணவர்கள் குறைவார்கள். புறநகரில் மாணவர்கள் இருப்பார்கள், வகுப்பறை போதாது.

எண்ணிக்கையும் பங்கீடும்

குடிநீர், பள்ளி, மருத்துவமனை, நியாய விலைக் கடை, வார்டு எல்லை ஆகிய அனைத்தும் மக்கள்தொகை எண்ணை அடிப்படையாகக் கொண்டே திட்டமிடப்படுகின்றன. 2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியுடன் இணைந்தன. அப்போதைய மறுவரையறையில் 200 வார்டுகளில் 107 பழைய நகருக்கும் 93 புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரில் 46 இலட்சம் பேரும், சேர்ந்த பகுதிகளில் ஏறத்தாழ 20 இலட்சம் பேரும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் பழைய நகரில் ஒரு வார்டுக்குச் சுமார் 43,000 பேர், புதிய பகுதிகளில் சுமார் 22,000 பேர். பழைய நகரில் ஓர் உறுப்பினரை ஏறத்தாழ இரண்டு மடங்கு மக்கள் பகிர்ந்துகொண்டனர்.

கணக்கில் விடுபடுபவர் பங்கீட்டிலும் விடுபடுவார். வீடற்றோரைக் கணக்கிடுவதற்கென்றே தனி இரவு ஒதுக்கப்படுவது இதனால்தான். 2011இல் பிப்ரவரி 28 இரவு, நடைபாதைகளிலும் இரயில் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் உறங்கியவர்களைக் கணக்கெடுப்பாளர்கள் தேடிச் சென்று பதிந்தனர். கணக்கெடுப்பாளர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள்.

அடுத்த கணக்கெடுப்பைப் படிக்கும்போது

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றுக் காலத்தில் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1 நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூன் 16 அன்று ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இரண்டு கணக்குகளுக்கும் இடையே 16 ஆண்டுகள். எனவே பத்தாண்டு வளர்ச்சி வீதத்துடன் அதை நேராக ஒப்பிட முடியாது.

எல்லைகளும் மாறிவிட்டன. சென்னை மாவட்டம் 2018இல் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டர் எல்லைக்கு ஏற்ப விரிவாக்கப்பட்டது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. புதிய எண் வெளியாகும் நாளில் அதை 46.47 இலட்சத்துடன் ஒப்பிட்டு, சென்னை திடீரென்று பெருத்துவிட்டதாகச் சிலர் சொல்லக்கூடும். சரியான ஒப்பீடு, 426 சதுர கிலோமீட்டருக்குள் 2011இல் வாழ்ந்த ஏறத்தாழ 67 இலட்சம் பேருடன் செய்வதே. காஞ்சிபுரத்தின் எண் குறைந்து தெரிந்தால், அங்கிருந்து எவரும் வெளியேறியதாகக் கொள்ளாமல் செங்கல்பட்டின் எண்ணை அதனுடன் கூட்டிப் பார்க்க வேண்டும்.