நெட்வொர்க் கார்டைச் சாகடித்தது யார்? - 2008-ல் நடந்த ஒரு துப்பறியும் கதை

புதுவாயலில் டிரைவர் என்றால் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்தான் நினைவுக்கு வருவார். பக்கத்திலேயே, கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் ஒரு டிரைவர் உண்டு. நெட்வொர்க் கார்டுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு சின்ன மென்பொருள். பில், ஸ்டாக், சம்பளக் கணக்கு என்று சர்வருக்குப் போய் வருவது எல்லாம் இதன் கை வழியாகத்தான்.

லினக்ஸுக்கு இந்த டிரைவர்கள் பலவற்றை 1990-களில் எழுதியவர் டொனால்ட் பெக்கர். 1994-ல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் இவரும் சாதாரண பி.சி.க்களைச் சாதாரண ஈத்தர்நெட் கார்டுகளால் இணைத்து 'பியோவுல்ஃப்' என்ற கூட்டுக் கணினியைச் செய்து காட்டினார்கள். டிரைவர் நன்றாக இருந்தால் மலிவான கார்டும் பெரிய வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சி.

சரி, டிரைவர் சரியில்லை என்றால்?

2008 செப்டம்பர். லினக்ஸ் 2.6.27-ன் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த சிலருக்கு நெட்வொர்க் அடியோடு போனது. ரீபூட் செய்தாலும் வரவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் வரவில்லை! எல்லாம் இன்டெல் கார்டுகள், எல்லாவற்றுக்கும் டிரைவர் இ1000இ. கார்டின் அமைப்பு விவரங்கள் இருக்கும் நிரந்தர நினைவகமே அழிந்து போயிருந்தது. மென்பொருள் கோளாறு வன்பொருளையே முடக்கிவிட்டது. உபுண்டு தன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே நிறுத்தி வைத்தது.

எல்லோரும் டிரைவரைத்தான் திட்டினார்கள். கிராஃபிக்ஸ் பக்கமும் சந்தேகம் போனது. கடைசியில் பிடிபட்டது வேறு ஆள்: கெர்னலின் நடவடிக்கைகளைக் கண்காணிக்க அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த 'எஃப்டிரேஸ்'.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒருவர் கணக்கை மூடிவிட்டார். அதே கணக்கு எண்ணை வங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. விஷயம் தெரியாத கிளார்க் பழைய குறிப்பைப் பார்த்து அதில் என்ட்ரி போட்டுவிட்டார். எஃப்டிரேஸ் செய்தது இதைத்தான். காலியாகிவிட்ட ஒரு நினைவக முகவரியில் எழுதியது. அந்த முகவரியில் அப்போது நெட்வொர்க் கார்டின் நினைவகம் குடியேறியிருந்தது.

கார்டின் நினைவகத்துக்குப் பூட்டுப் போடும் திருத்தத்தை இன்டெல் தந்தது. அக்டோபரில் 2.6.27.1 வெளிவந்தபோது எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2013-ல் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர் இன்னொரு விநோதத்தைக் கண்டுபிடித்தார். இன்டெல் 82574எல் சிப் உள்ள சில கருவிகள், ஒரு குறிப்பிட்ட இடத்தில் '2' என்ற எழுத்து உள்ள பாக்கெட் வந்தால் அப்படியே செத்தன. பவரை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் கார்டின் நினைவகத்தில் தவறான விவரங்களை ஏற்றியதே காரணம் என்றது இன்டெல். இந்த முறையும் டிரைவர் நிரபராதி.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். பழி முதலில் டிரைவர் மேல் விழும். குற்றம் வேறெங்கோ இருக்கும். அதனால் புது டிரைவரோ கெர்னலோ போடுமுன், 'தெரிந்த கோளாறுகள்' என்று கூடவே வரும் அந்தப் பட்டியலைப் படித்துவிடுங்கள். 2008-ல் கார்டின் விவரங்களை 'ஈத்டூல்' கட்டளையால் முன்பே நகலெடுத்து வைத்தவர்களுக்கு, அதைத் திரும்ப எழுத ஒரு வழியாவது இருந்தது. மற்றவர்களுக்கு அந்த நகலும் இல்லை.