இரண்டு கோடுகளும் ஒரு அரை மீட்டரும்

மதுரைப் பக்கம் பழைய கல்லூரி எதிலாவது சிமெண்ட் பேஸ்கட்பால் கோர்ட் கண்ணில் பட்டால், ஒரு நிமிஷம் நின்று தரையைப் பாருங்கள். சில இடங்களில் கூடையைச் சுற்றி இரண்டு வளைவுக் கோடுகள் தெரியும். உள்ளே இருப்பது மங்கிப் போனது, 6.25 மீட்டர். வெளியே இருப்பது 6.75 மீட்டர். கூடைக்குக் கீழே ஒரு சரிவகமும் அதன்மேல் ஒரு செவ்வகமும் வரைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சர்வதேச அமைப்பான ஃபிபா 2010-ல் விதிகளை மாற்றியதற்கு முன்னும் பின்னும் அந்த கோர்ட்டுக்கு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கல்வெட்டு மாதிரி ஒரு சாட்சி.

அந்த உள் கோட்டோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1998-ல் பி.இ. சேர்ந்தபோது என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். கூடைக்குக் கீழே எனக்கு வேலையே இல்லை, வெளியே நின்று எறிவது ஒன்றுதான் தெரியும். எங்கள் பி.டி. சாருக்கு அது ஆகாது. "உள்ள கொண்டு போய் போடுடா, அங்க நின்னு கல்லா எறியற?" என்பார். ஒரு மேட்சில் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்தேன். பந்து ரிங்கில் பட்டு எகிறியது, எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் கூடையில் போட்டது. அப்புறம் அந்த சீசன் முழுக்க எனக்கு பெஞ்சுதான். அவர் சொன்னது சரியா தப்பா என்று இருபது வருஷம் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நம்ம ஊர் பி.டி. மாஸ்டர் பரம்பரையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அந்த மூல ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. 1945-ல் கொலம்பியா, ஃபோர்டாம் கல்லூரிகள் ஒரே ஒரு மேட்சில் அதைச் சோதித்துப் பார்த்தன. 1967-ல் ஏ.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் அதை எடுத்துக்கொண்டது. குள்ளமான ஆட்டக்காரனுக்கும் ஒரு வழி வேண்டும் என்று சொன்ன அதன் தலைவர் ஜார்ஜ் மைக்கன், ஆறடி பத்து அங்குல உயரம்! 1979-ல் என்.பி.ஏ., 1984-ல் ஃபிபா, கடைசியாக 1986-ல்தான் அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக என்.சி.ஏ.ஏ. கோடு வந்தது. அதாவது ஃபிபா விதிப்படி ஆடும் நம் கல்லூரிகளுக்கு, காகிதத்தில் பார்த்தால், அவர்களுக்கு முன்பே இந்தக் கோடு கிடைத்துவிட்டது!

கோடு வந்த முதல் சீசனே சுவாரசியம். பிராவிடன்ஸ் கல்லூரிக் கோச் ரிக் பிட்டினோ அதை முழுசாக நம்பி, பெரிய பெயர் இல்லாத அணியைக் கடைசி நான்கு வரை கொண்டு போனார். இண்டியானாவின் பாப் நைட்டுக்கோ கோடே பிடிக்காது. அரையிறுதியில் எதிரணியான யு.என்.எல்.வி. 13 த்ரீ போட்டது, இண்டியானா போட்டது இரண்டே இரண்டு. ஆனாலும் 97-93 என்று ஜெயித்தது இண்டியானா. இதை மட்டும் பார்த்தால் என் பி.டி. சார் கட்சிதான். ஆனால் இறுதிப் போட்டியில் அதே இண்டியானாவின் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் 7 த்ரீ போட, ஒரே புள்ளியில் சிரக்யூஸைத் தோற்கடித்தார்கள். கோட்டை வெறுத்தவருக்குக் கோப்பையில் பாதி அந்தக் கோடு கொடுத்தது.

கணக்கு எளிது. மூன்றுக்கு ஒரு த்ரீ விழுந்தால், இரண்டுக்கு ஒரு சாதா ஷாட் விழுந்த மாதிரி. ஆனால் அந்த மூன்றில் ஒன்று எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. பிட்டினோவின் பையன்கள் கூரைக்குக் கீழே, மரத்தரையில் ஆடினார்கள். நாங்கள் வெட்டவெளியில், சிமெண்டில், தேய்ந்து வழுக்கும் பந்தோடு, லேசாகச் சாய்ந்த ரிங்கில் ஆடினோம். ஆடி மாசக் காத்தில் ஆறு மீட்டருக்கு மேல் பறக்கும் பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தூரத்திலிருந்து தவறும் பந்து தூரமாகத்தான் எகிறும், எதிரணிக்கு அது ஓசி ஓட்டம். சார் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருக்க மாட்டார், ஆனால் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்.

அவர் விட்ட இடம் வேறு. த்ரீயின் பாதி மதிப்பு விழுகிற பந்தில் இல்லை, விழுமோ என்ற பயத்தில் இருக்கிறது. வெளியே அடிக்கத் தெரிந்த ஒருத்தன் நின்றால் அவனைக் காவல் காக்க ஒருத்தன் வெளியே வந்தாக வேண்டும், உள்ளே இடம் பிறக்கும். எங்கள் அணியில் யாருமே வெளியிலிருந்து அடிக்கக் கூடாது என்பதால், எதிரணி ஐந்து பேரும் கூடைக்குக் கீழே சுவர் மாதிரி நின்றார்கள். சார் சொன்னபடி "உள்ள கொண்டு போக" எங்களுக்கு வழியே இல்லை. விதிப்புத்தகம் தபாலில் வந்துவிடும். அதை வைத்து எப்படி ஆடுவது என்பது கண்ணால் பார்த்துத்தான் வரும்.

அப்படிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த இடம் பெரியகுளம். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு பஸ் ஏறிப் போவோம். விளக்கு வெளிச்சத்தில் ராணுவ அணிகளும் வங்கி அணிகளும் ஆடும். அதுவும் திறந்தவெளிதான். ஆனால் அங்கே வெளியே நின்றவனிடம் பந்து போனதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவன் அடிக்காமல் உள்ளே பாஸ் கொடுப்பான், அங்கே ஒருத்தன் தனியாக நிற்பான். அந்த பாஸின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு கோர்ட்டில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருப்பதிலேயே குள்ளமான பையன் வெளிக்கோட்டுக்கும் வெளியே நின்று எறிந்தான். விழவில்லை. யாரும் திட்டவில்லை. அடுத்த முறையும் பந்தை அவனிடமே கொடுத்தார்கள்.