ஆற்றோடு நகர்ந்த தலைநகர்

சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ ஒரு மேடையில் கடாரம் (இன்றைய கெடா) என்று பேச்செடுத்தால், அடுத்த வாயில் ராஜேந்திர சோழன் வந்துவிடுவார். 1025இல் கப்பற்படை வந்தது, கடாரம் பணிந்தது, கைதட்டல், இறங்கிவிடலாம். கடாரத்தின் வாழ்க்கை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. சோழர் வந்துபோனது அதில் ஓர் அத்தியாயம். ஊரை மூட்டை கட்ட வைத்ததில் படைகளைவிட ஆற்று வண்டலுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

பீடோங்கிலிருந்து மெர்போக் போகிற வழியில், செமெலிங் பக்கம் இருக்கிறது சுங்கை பத்து. செம்பனைக்கு நடுவே செங்கல் தளங்கள், வட்டமான ஒரு வழிபாட்டு மேடை, படகுத்துறையின் எச்சங்கள். கப்பல் வந்துபோன ஆறு தூர்ந்து தோட்ட மண்ணாகிவிட்டது. 2009 முதல் மொக்தார் சைடின் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது வெளிவந்தது அரண்மனை அல்ல, இரும்பு உலை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை பின்னுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. அதை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை, நானும் அவசரப்பட மாட்டேன்.

அந்த உலைகளின் ஊதுகுழாய்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். களிமண்ணில் உருட்டிச் செய்து நடுவில் துளைவிட்ட குழாய். துருத்திக் காற்று இதன் வழியாகத்தான் உலைக்குள் போகும். வெளியே இருந்த முனை சாதாரண மண்சட்டி நிறம். நெருப்புக்குள் இருந்த முனையோ உருகிக் கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கி, கசடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சூட்டில் கெட்டுப்போனதும் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகியிருக்கிறார்கள். எறிந்ததெல்லாம் இன்று குவியல் குவியலாகக் கிடைக்கிறது. கல்வெட்டில் பேர் பொறிக்காத உலைக்காரர்களின் கைவேலை அது. நம் மேடைகளில் அவர்களுக்கு ஒரு மாலைகூட விழுவதில்லை.

வங்கக் கடலைத் தாண்டி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் காலடிவரை அன்று கடல் உள்ளே வந்திருந்தது. மெர்போக், மூடா ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் கரையை மேற்கே தள்ளத் தள்ள, துறைமுகமும் பின்னாலேயே போனது. மூடா ஆற்றுப் பக்கம் சுங்கை மாஸ் தலையெடுத்தது. அங்கே கண்ணாடி மணிகள் செய்தார்கள்; தாங் காலத்துச் சீனப் பாண்டங்களும் மேற்காசியக் கண்ணாடியும் வந்திறங்கின.

671இல் குவாங்சோவில் கப்பலேறிய யீஜிங் என்ற சீனத் துறவி ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் படித்து, மலாயு வழியாக இந்தப் பக்கம் வந்தார். அவர் எழுதிய ‘ஜியேசா’ கெடாதான். இங்கிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் கடலில் போய் நிக்கோபார்த் தீவுகளைக் கண்டு, 673இல் வங்கத்துத் தாம்ரலிப்தியைச் சேர்ந்தார். கடாரத்தின் பிழைப்பே அதுதான்: காற்று மாறும்வரை கப்பல்காரர்களுக்குத் தங்க இடமும் தண்ணீரும் சரக்கும் கொடுப்பது. அவருக்கும் முன்னால், ஐந்தாம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி பயணம் நல்லபடியாக முடிய வேண்டிக் கல்லில் தூபி ஒன்றைச் செதுக்கி வைத்தான். 1834இல் ஜேம்ஸ் லோ அதை இன்றைய செபராங் பிறையில் கண்டெடுத்தார். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சோழருக்கும் கடாரத்துக்கும் பகை என்று மட்டும் சொன்னால் பாதிக் கணக்கு. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பேரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே அதற்குக் கொடுத்தான். இருபது ஆண்டு கடந்ததும் மகன் ராஜேந்திரன் படை அனுப்பி, கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தான். மெய்க்கீர்த்தி அடுக்குகிற ஊர்ப்பட்டியலில் கடைசியில் நிற்பது கடாரம். அப்புறம் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, உதவி கேட்டு வந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். 1090இல் கடாரத்துத் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்து ஊர்களுக்கு வரிச்சலுகை வாங்கிப் போனார்கள். அடித்த கையோடு கணக்கு வழக்கும் நடந்திருக்கிறது.

படையெடுப்புக்குப் பிறகு பெங்காலான் பூஜாங் துறை இன்னும் செழித்தது. சோங், யுவான் காலத்துச் சீனப் பாண்ட ஓடுகள் அங்கே ஏராளம். அந்தத் துறையையும் ஆறு தூர்த்தது. மலாக்கா எழுந்தபின் கப்பல்கள் வேறு பக்கம் திரும்பின. இதற்கிடையே அரசர்கள் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார்கள். 1136இல் என்பது மரபு. ‘ஹிகாயத் மெரோங் மகாவங்சா’ என்ற மலாய் நூல் சொல்லும் அரச வரிசையும் அறுபடவில்லை என்றே வைத்துக்கொள்கிறார்கள். அரச இருப்பிடம் மட்டும் ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தது. 1611இல் போர்த்துகீசியர், 1619இல் ஆச்சே என்று அடிமேல் அடி. 1735இல் சுல்தான் முகமது ஜிவா அலோர் ஸ்டாரில் தலைநகரை அமைத்தார். 1821இல் சயாம் படை புகுந்தபோதும், 1909இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபோதும் தலைநகர் அதுவேதான்.

பழைய நகரின் மேல் காடு மூடியது, பிறகு பால்மரம் ஏறியது. தஞ்சை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து ஒப்பந்தத்திலும் கங்காணியோடும் வந்தவர்களின் லயங்கள் கோயில் தளங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் எழுந்தன. 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸும் மனைவி டாரதியும் பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும் இந்தப் பக்கமெல்லாம் தோண்டி, கிடைத்த தளங்களுக்கு வரிசையாக எண் போட்டார்கள். எட்டாம் எண் புக்கிட் பத்து பாஹாட். ஓடைக்கரையில் கருங்கல்லால் விமானமும் மண்டபமுமாகக் கட்டிய சண்டி, அதாவது கோயில். 1959–60இல் அலஸ்டேர் லேம்ப் அதை நிமிர்த்தி அடுக்கினார். பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, 1980இல் திறந்த அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். மழையிலும் மண்வெட்டியிலும் போவதைவிட இது தேவலை.

2013இல் சுங்கை பத்து தோட்டத்து 11ஆம் எண் தளம் வீடமைப்புக்காக இயந்திரம் விட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. வி. நடராஜன் தலைமையிலான பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம் வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தனியார் நிலம், அரசிதழில் மரபுச் சின்னமாக அறிவிக்கப்படாத இடம் என்று மாநில அரசு விளக்கம் சொன்னது. தளங்களுக்கு எண் போட்ட வேல்ஸ் தம்பதியின் அறிக்கையோ 1940இலேயே அச்சாகிவிட்டது.