பிராண்டட் கம்ப்யூட்டரா, அசெம்பிள்டா? குண்டடம் பக்கம் இருக்கிறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி!

``பிராண்டட் வாங்கினா டென்ஷனே இல்ல.''

``அசெம்பிள் பண்ணுங்க பாஸ், அதே காசுக்கு செம ஸ்பீடு!''

வீட்டுக்கோ கம்பெனிக்கோ ஒரு டெஸ்க்டாப் வாங்கப்போறோம் என்று வாயைத் திறந்தால் போதும், இந்த ரெண்டு அறிவுரையும் வந்து விழும். ரெண்டிலும் பாதி உண்மை இருக்கு. ஆனால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை மனசுல வெச்சு சொல்லப்படுற அறிவுரை, பல்லடம் - தாராபுரம் ரோட்டில் இருக்கும் குண்டடத்துக்கு அப்படியே பொருந்தாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பார்ட் போனால் பக்கத்துக் கடையில் கிடைக்கும். இங்கே வண்டியை எடுத்துக்கிட்டு தாராபுரமோ, திருப்பூரோ, கோவையோ போகணும். அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னாடி ஒரு கேள்வி: ``மெஷின் நின்னுபோச்சுன்னா யாருங்க வந்து பார்ப்பாங்க, எத்தனை நாள்ல?''

திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கு பிராண்டு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. துணி இங்கே, தையல் இங்கே, கழுத்தில் ஒட்டும் லேபிள் மட்டும் வெளிநாட்டுக்காரருடையது. கம்ப்யூட்டரிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1981-ல் ஐ.பி.எம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரிலேயே பிராசஸர் இன்டெல்லுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுடையது. மைக்கேல் டெல் 1984-ல் கல்லூரி விடுதி அறையில் இருந்தபடி ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரைத் திரட்டி விற்கும் வேலையைத்தான். டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும், லெனோவோவுக்குப் புதுச்சேரியிலும் தொழிற்சாலை இருக்கு. ஆக, பிராண்டட்டும் ஒருவகையில் அசெம்பிள்டுதான். லேபிளுக்காக நீங்கள் கொடுக்கும் காசு, சோதித்துப் பார்த்ததற்கும் பொறுப்பு ஏற்பதற்கும். அந்தப் பொறுப்பு குண்டடம் வரைக்கும் வருமா என்பதில்தான் எல்லாமே இருக்கு.

பிராண்டட் வாங்குவதாக இருந்தால், `ஆன்சைட் வாரன்டி' என்ற வார்த்தையைப் பார்த்து உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, உங்க பின்கோடைச் சொல்லி, ஆள் வீட்டுக்கே வருவாரா, நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகணுமா என்று கேளுங்கள். ஒரு வருஷமா, மூணு வருஷமா என்பதையும் கேளுங்கள். வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஆபீஸுக்கான மாடல்களில் மூணு வருஷம் கிடைக்கும். அந்த மாடல்களை ஷோரூம்காரர் தானாகக் காட்ட மாட்டார், நாம்தான் கேட்கணும்.

வாரன்டி முடிந்த பிறகுதான் அடுத்த சிக்கல். பல பிராண்டட் டெஸ்க்டாப்களில் எஸ்.எம்.பி.எஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்தின் தனி அளவு, தனி கனெக்டர். கடையில் சும்மா கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்கி வந்து மாட்ட முடியாது. அசெம்பிள்டில் எல்லாமே பொது அளவு. தாராபுரத்தில் இருக்கும் எந்த மெக்கானிக்கும் அன்று சாயந்தரமே மாற்றிக் கொடுத்துவிடலாம். ஜாப் ஒர்க் யூனிட்டில் டெலிவரி நாளன்று பில் போட முடியாமல் நிற்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால், அசெம்பிள்டில் `மொத்த மெஷினுக்கும் வாரன்டி' என்று ஒன்று கிடையாது. பாக்ஸில் வரும் பிராசஸருக்கு மூணு வருஷம், எஸ்.எஸ்.டி-க்கு மாடலைப் பொறுத்து மூணு முதல் அஞ்சு வருஷம் என ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி கணக்கு. எல்லா பார்ட்டின் சீரியல் நம்பரும் எழுதிய பில்லும், காலி டப்பாக்களும் பத்திரமாக இருந்தால்தான் அந்த வாரன்டிக்கு உயிர். ``பில் வேணாம்னா 18 சதவிகிதம் மிச்சம் சார்'' என்று யாராவது சொன்னால், அங்கே மிச்சமாவது அவர் தலைவலி மட்டும்தான். ஜி.எஸ்.டி பதிவு இருக்கும் யூனிட் என்றால், உங்கள் நம்பர் போட்ட பில்லை வைத்து அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் ஸ்கீமில் இருந்தால் முடியாது.

விண்டோஸ் விஷயத்தையும் கணக்கில் சேர்க்கணும். பிராண்டடில் பெரும்பாலும் ஒரிஜினல் விண்டோஸ் உள்ளேயே வரும். அசெம்பிள்டு கொட்டேஷனில் அந்தச் செலவு இருக்காது. ``நானே போட்டுத் தந்துடறேன்'' என்பார்கள். அது லைசென்ஸ் இல்லாத காப்பி. கணக்கு வழக்கும் பேங்க் வேலையும் நடக்கும் மெஷினில் அந்த ரிஸ்க் தேவையா? உபுண்டு இலவசம்தான். ஆனால் டேலியும் கோரல்டிராவும் அதில் நேரடியாக ஓடாது.

இப்போ விலை. `அசெம்பிள்னா கம்மி' என்பது பழைய கணக்கு. ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போகத் தொடங்கியதில், 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. நம்ம ஊர் கடைகளிலும் விற்ற `குரூஷியல்' பிராண்டை மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரே வாரத்தில் ரெண்டு பக்கமும் கொட்டேஷன் வாங்கி, விண்டோஸையும் சேர்த்து ஒப்பிடுங்கள். சாதாரண பில்லிங் மெஷின் என்றால் பிராண்டட்டே மலிவாக வந்தாலும் ஆச்சர்யப்பட வேண்டாம்.

யாருக்கு எது? டேலி, இ-வே பில், மெயில் மட்டும்தான் வேலை என்றால், மூணு வருஷ ஆன்சைட் உறுதியான பிராண்டட் போதும். எம்ப்ராய்டரி டிசைன், பிரின்ட் டிசைன், ஃபேஷன் டிசைனிங் படிப்பு என்றால் என் ஓட்டு அசெம்பிள்டுக்கு. இன்றைக்கு 16 ஜி.பி ரேம் போட்டுவிட்டு, காசு வரும்போது இன்னொரு 16 சேர்க்கலாம். கிராஃபிக்ஸ் கார்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. `80 பிளஸ்' முத்திரை இருக்கும் நல்ல பிராண்டாக வாங்குங்கள். மட்டமானது வெடித்தால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது.

எதை வாங்கினாலும் நம்ம பக்கத்து எதிரிகள் ரெண்டு பேர். ஒண்ணு கரன்ட். யு.பி.எஸ்ஸும் ஒழுங்கான எர்த்திங்கும் இல்லாமல் மெஷினை ஆன் பண்ணாதீர்கள். மின்னழுத்தத்தில் கருகினால் வாரன்டியில் பெரும்பாலும் சேராது. இன்னொண்ணு பஞ்சு. பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் பறக்கும் பஞ்சு, ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் மெத்தை மாதிரி படிந்துவிடும். சூடு ஏறும், வேகம் குறையும், கடைசியில் தானாக ஆஃப் ஆகும். `வைரஸ்' என்று சொல்லி ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால், மூடியைத் திறந்து பாருங்கள். அசெம்பிள் செய்பவர்கள் கழற்றித் தட்டிக்கொள்கிற மாதிரி ஃபில்டர் இருக்கும் கேபினெட்டாகக் கேட்டு வாங்குங்கள். தரையில் வைக்காமல் டேபிள் மேலே வையுங்கள். மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தால் போதும்.