ஓரணாச் சிற்றுண்டி: ஆயிரம் விளக்குப் பாடசாலையின் சரிதம்



கல்வியின் பெருமையைக் கூறாத நீதி நூல் நம் மொழியில் அரிது. ஆயினும், பசித்திருக்கும் சிறுவனது செவியில் அப்பெருமை ஏறுமோ என்று ஆராய்ந்தார் சிலரே. அங்ஙனம் ஆராய்ந்து செயலிலும் காட்டியதோர் ஆரம்பப் பாடசாலையின் சரிதத்தை, ஓத்தின் பெயரால் திருவோத்தூர் என வழங்கும் நம் செய்யாற்று மக்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அப்பாடசாலை, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் நகர பரிபாலன சபையால் நடத்தப்பெற்றது. அந்நாளில் சென்னை, பஞ்சாலைகளும் பெரம்பூர் இரயில் தொழிற்சாலையும் அமைந்த பெரும் பட்டினம். கூலி வேலையால் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் அங்குப் பல. அக்குடும்பத்துச் சிறுவர்க்குப் பகற்பசியே கல்விக்குப் பெருந்தடையாயிற்று. அதனால் பள்ளியிற் பயில்வோர் தொகையும் குன்றியது.

அப்போது சபைத் தலைவராக விளங்கியவர் ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார். 1852-ஆம் ஆண்டில் நெசவுத் தொழிலோர் மரபிற் பிறந்து, தாமும் தறிகள் வைத்துத் தொழில் நடத்தியவர். மாணாக்கரின் வறுமையே பள்ளியின் குறைவிற்குக் காரணம் என்பதை அவர் சபையில் எடுத்துரைத்தார். 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி அளிப்பதெனச் சபை தீர்மானித்தது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாண ஆரம்பக் கல்விச் சட்டமும் பிறந்தது. சட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது; சிற்றுண்டியோ, வந்த பிள்ளைகளை அங்கு இருத்தியது.

பின்னர் இவ்வேற்பாடு வேறு நான்கு பள்ளிகளுக்கும் பரவிற்று. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஓரணாவின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. இச்செலவை ஆரம்பக் கல்வி நிதியிற் சேர்த்தல் கூடாதென ஆங்கில அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரல் முதல் நாள்தொட்டு இவ்வறம் நின்றது. தியாகராயரும் அவ்வாண்டிலேயே உலக வாழ்வை நீத்தார். ஒரு செலவை எக்கணக்கில் எழுதுவது என்னும் வழக்கில் தோற்றவர், உணவிழந்த சிறுவரே.

ஆயினும் ஊன்றிய விதை பட்டுப்போகவில்லை. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவும், 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவும் தொடங்கப்பெற்றன.

இச்சரிதம் நமக்கு உரைப்பது யாது? நம் வட்டாரத்துப் பட்டுத்தறி வீடுகளில், தார் சுற்றவும் கோர்வைக்கு நாடா வீசவும் சிறுவரை இருத்திக்கொண்ட முன்னாள் வழக்கத்தை முதியோர் அறிவர். அது கல்வியை வெறுத்ததனால் அன்று, வறுமையால் நேர்ந்தது.

ஆதலின், பிள்ளையொன்று பள்ளிக்கு வாராது நின்றால், சோம்பரென்று இகழாது, அவ்வீட்டின் அடுப்பை முதற்கண் நோக்குக. குறை காணின் அதனைத் தீர்ப்பது சங்கத்தின் கடன். நம் குலத்துப் பிள்ளை, அயற்குலத்துப் பிள்ளை என்னும் வேற்றுமை பசிக்கு இல்லை. நம் உதவிக்கும் அது வேண்டா.