பதனிட்ட வால்வும் பகை மறவா உடலும்

தன்னுடையது எது, அயலது எது என்று பிரித்தறிவது உடலின் இயல்பு. முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதும் இவ்வியல்பினாலேயாம். விலங்கின் இருதய வால்வைப் பதனிட்டுவிட்டால் மனித உடல் அதனை அயலதென அறியாது என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் நம்பியது. அந்நம்பிக்கை பிறந்ததும் திருந்தியதுமாகிய வரலாறு அறியத்தக்கது.

குருதியை ஒரே திசையில் செல்லவிடும் வால்வுகள் இருதயத்தில் நான்கு உள்ளன. அவை பழுதுற்றால் மாற்றியாக வேண்டும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார், கூட்டினுள் உருண்டை அமைந்த செயற்கை வால்வை வெற்றியுடன் பொருத்தினார். ஆயினும் அதன்மேல் குருதி உறையும். அதனைத் தடுக்க நோயாளி வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். மருந்து மிகுந்தாலோ குருதிப்பெருக்கு நேரும். 1962இல் இலண்டனில் டொனால்ட் ராஸ், இறந்தோரின் வால்வைப் பொருத்திக் காட்டினார். அத்தகைய வால்வுகள் தேவைக்குப் போதுமான அளவில் கிடைக்கவில்லை.

எனவே அறிஞர் விலங்கை நாடினர். 1965இல் பாரிஸ் நகரில் ழான்-போல் பினே, அலன் கார்ப்பாந்தியே முதலியோர் பன்றியின் வால்வை மனிதருக்குப் பொருத்தினர். முதலில் அவை நன்கு இயங்கின. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பல வால்வுகள் சிதைந்தன. எடுத்துப் பார்த்தபோது, எதிர்ப்பணுக்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கக் கண்டனர். கார்ப்பாந்தியே வேதியியலையும் பயின்று இதற்கு மருந்து தேடினார். தோல் பதனிடுவோர் கையாளும் குளூட்டரால்டிஹைடு என்னும் பொருளே அவருக்குக் கைகொடுத்தது. அது திசுவின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கியது; எதிர்ப்பைத் தூண்டும் கூறுகளையும் பெரிதும் மறைத்தது. 1968 முதல் அவ்வாறு பதனிட்ட வால்வுகள் மனிதருக்குப் பொருத்தப்பட்டன. முதியோர் பலருக்கு அவை பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்தன.

ஆனால் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் பொருத்தியவற்றில் கால்சியம் விரைந்து படிந்தது. இதழ்கள் விறைத்துக் கிழிந்தன. இதற்குக் காரணம் யாது? பதனிட்ட பொருளின் எச்சமும், இதழ்கள் இடையறாது அசைவதும் காரணம் என்றனர். அவை உண்மையே, முழு உண்மையல்ல.

1984இல் யூரி கலிலியும் உடனுழைத்தோரும் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஆல்பா-கால் என்னும் சர்க்கரைக் கூறு பன்றி, மாடு முதலியவற்றின் அணுக்களில் உண்டு, மனிதனில் இல்லை. ஆகவே குடலில் வாழும் நுண்ணுயிர்களால் தூண்டப்பெற்று, மனிதர் அனைவரும் அதற்கெதிரான எதிர்ப்பொருளைக் குருதியில் தாங்கி நிற்கின்றனர். அயலான் வருமுன்னரே காவல் நிற்கிறது என்க.

பதனிடுதலைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதை வியன்னா நகர் காட்டியது. அங்கு 2001இல் தொடங்கி, உயிரணுக்கள் நீக்கப்பெற்ற, ஆனால் பதனிடாத பன்றி வால்வுகள் நான்கு சிறுவர்க்குப் பொருத்தப்பட்டன. ஓராண்டுக்குள் மூவர் இறந்தனர். நான்காமவருக்கு வைத்த வால்வு முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டது. வால்வுகளில் கடும் அழற்சி காணப்பட்டது. உயிரணுக்களை நீக்கினால் போதும் என்ற கருத்துக்கு அச்சிறுவர்கள் உயிரை விலையாகத் தந்தனர்.

பதனிட்டவையும் முற்றும் மறைந்திருக்கவில்லை. விற்பனைக்கு வந்த பன்றி வால்வுகளிலும் ஆல்பா-கால் எஞ்சியிருப்பதையும், அவற்றைப் பெற்றோர் குருதியில் அதற்குரிய எதிர்ப்பொருள் பெருகுவதையும் 2005இல் வியன்னா ஆய்வாளரே கண்டறிந்தனர். இவ்வெதிர்ப்பொருள்களுக்கும் கால்சியப் படிவுக்கும் உள்ள தொடர்பை 2022இல் பல நாட்டு அறிஞர் கூடி வெளியிட்ட ஆய்வு வலியுறுத்தியது.

ஆக, பதனிடுதல் பகையைத் தீர்க்கவில்லை, ஒத்திவைத்தது. முதியோர்க்கு அவ்வவகாசமே போதும். இளையோர்க்கோ அது மீண்டும் மார்பைத் திறக்கும் நாளைக் குறித்துவைப்பதாகும். ஆல்பா-கால் இல்லாத பன்றி வகை ஒன்றுக்கு 2020இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. திசுவை மறைப்பதைவிட, பகைக்குக் காரணமான கூறே இல்லாத திசுவைத் தேடுவது நன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.