வெள்ளம்மா கேட்ட கேள்வி

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சின்னது. நாடாளுமன்ற உறுப்பினரின் இடம் காலியானால் தேர்தல் மூலம் நிரப்பப்படும் என்கிறது. எப்போது? அதைச் சொல்லவில்லை. 1963 மாநில அரசமைப்பில் மூன்று மாதக் கெடு இருந்தது. 1965-ல் தனி நாடானதும் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படி எடுத்ததன் விளைவு 1986-ல் தெரிந்தது. அன்சன் தொகுதி உறுப்பினர் ஜே.பி. ஜெயரத்தினம் பதவியை இழந்தார். இடைத்தேர்தல் வரவில்லை; 1988 பொதுத்தேர்தல் வரை தொகுதி காலியாகவே கிடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்க்கட்சிக்காரராக அவைக்குள் மிஞ்சியவர் சியாம் சீ தோங் ஒருவர்தான். ஒற்றை ஆள் எவ்வளவு கேட்டுவிட முடியும்?

கடைசியில் நீதிமன்றத்தில் கேட்டவர் வெளியே இருந்த ஒரு வாக்காளர். 2012 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சி தன் ஹவ்காங் உறுப்பினரை நீக்க, அந்த இடம் காலியானது. லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் ஏழு நிலையம் தள்ளியிருக்கும் ஊர். அங்கே வசித்த துப்புரவுத் தொழிலாளி வெள்ளம்மா மாரிமுத்து, வழக்கறிஞர் எம். ரவி மூலம் மார்ச் 2 அன்று வழக்குப் போட்டார். தேர்தலை எப்போது வைப்பது என்பது பிரதமரின் இஷ்டமா? இதுதான் கேள்வி.

தீர்ப்புக்கு முன்பே, மே 26-ல், இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. ஆகஸ்டில் நீதிபதி பிலிப் பிள்ளை, ‘தேர்தல் மூலம்’ என்பது இடத்தை நிரப்பும் முறையை மட்டுமே சொல்கிறது, தேர்தல் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை எனத் தள்ளுபடி செய்தார். 2013 ஜூலை 5-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரதமருக்குக் கட்டற்ற அதிகாரம் கிடையாது, நியாயமான காலத்துக்குள் தேர்தலை அறிவிக்கவேண்டும் என்றது. ஆனால் ஹவ்காங்கில்தான் தேர்தல் முடிந்துபோச்சே. இனி வழக்காட இவருக்குத் தகுதியில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்ததும் உறுத்துவதும் இதே இடம்தான். கேள்விக்குப் பதில் கிடைத்தது, கேட்டவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. அரசாங்கம் சீக்கிரம் தேர்தல் வைத்துவிட்டால் வழக்கு செத்துவிடும், இழுத்தடித்தால்தான் உயிரோடிருக்கும். அதுவும் தனித்தொகுதியில்தான். 2017-ல் ஹலிமா யாக்கோப் விலகியபின் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதிக்கு இடைத்தேர்தல் கேட்டுப் போட்ட வழக்கு 2019-ல் தோற்றது.

ஆனாலும் இனி எந்தப் பிரதமரும் தனித்தொகுதி ஒன்றை அன்சன் போலப் போட்டுவைத்தால், அங்குள்ள வாக்காளர் ஒருவர் கையில் எடுக்க ஒரு தீர்ப்பு இருக்கிறது. சட்டப் புத்தகங்களில் அது இருப்பது ‘வெள்ளம்மா எதிர் தலைமைச் சட்ட அதிகாரி’ என்ற பெயரில். மூன்று மாதக் கெடுதான் இன்னும் திரும்பவில்லை. அதைத் திருப்பவேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல, நாடாளுமன்றம்.